மருந்து வாங்கறதுக்கு முன்னாடி பேரைக் கண்டுபிடிங்க: உப்புத்தண்ணி டேங்க்ல வர்ற புழுவும் பாசியும்

ராத்திரி 11 மணிக்கு மேல வாட்ஸப்ல போட்டோ வந்தா அது பெரும்பாலும் புழுவாத்தான் இருக்கும். லைட் அணைஞ்சப்புறம் எதேச்சையா டார்ச் அடிச்சிருப்பாங்க, கல்லு இடுக்குலேர்ந்து இளஞ்சிவப்பா, ரெண்டு பக்கமும் வெள்ளை முடியோட, ஒரு விரல் நீளத்துக்கு ஏதோ நெளிஞ்சு போயிருக்கும், உடனே கலங்கலா ஒரு போட்டோ, கீழ "அண்ணா இது என்ன? டேங்க்கை மொத்தமா காலி பண்ணிடவா?"ன்னு ஒரு வரி. நான் எப்பவும் எழுதற பதில் ஒண்ணுதான். ஒண்ணும் பண்ணாதீங்க தம்பி, கையை மட்டும் உள்ள விடாதீங்க, காலைல பேசலாம்.

சென்னையில நன்னீர் மீன் வளர்க்கிறவங்க ஏராளம், உப்புத்தண்ணி டேங்க் வெச்சிருக்கிறவங்க ரொம்பக் கம்மி. அதனால கொஞ்ச வருஷம் தாக்குப்பிடிச்சவன்னு தெரிஞ்சாலே எல்லாரும் நம்மகிட்ட கேக்க ஆரம்பிச்சிடறாங்க. கேக்கறதுல எனக்குக் கஷ்டமே இல்ல, சந்தோஷம்தான். ஆனா கேள்வி எப்பவும் "எதை ஊத்தினா சாகும்"னே வருது, "இது என்ன"ன்னு கேக்கறவங்க அபூர்வம். இந்தப் பொழுதுபோக்குல உண்மையாவே முக்கியமான கேள்வி அதுதான்னு நான் நினைக்கிறேன். ஏன்னா பார்வைக்கு ஒரே மாதிரி பழுப்பா இருக்கற ரெண்டு அழுக்குல, ஒண்ணுக்குத் தண்ணியில இருக்கற சத்தைக் குறைக்கணும், இன்னொண்ணுக்குக் கூட்டணும். மாத்திப் பண்ணினா அது இன்னும் வேகமா பரவும். புழுவும் அதே கதைதான். ஒண்ணை விட்டு வைக்கணும், ஒண்ணைப் பிடிச்சு வெளிய எடுக்கணும், ஒண்ணு புழுவே கிடையாது.

முதல்ல இதெல்லாம் எங்கேர்ந்து வருது? என் ஃப்ரெண்ட் ஒருத்தன் ரொம்ப ஆதங்கத்தோட கேட்டான்: "மச்சான், நான்தான் லைவ் ராக்கே போடலையே, எல்லாமே ஃபேக்டரியில செஞ்ச காஞ்ச கல்லு, அப்புறம் எப்படிடா புழு வரும்?" நியாயமான சந்தேகம்தான். வெளிநாட்டு வீடியோவெல்லாம் பார்த்தா லைவ் ராக்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்வாங்க, கடல்லேர்ந்து எடுத்த பவளக் கல்லு, அதோட ஓட்டைக்குள்ள நூறு ஜீவன் ஒட்டிக்கிட்டு வரும். நம்ம நாட்டுல அது கூடவே கூடாது. 2001-ல எல்லாக் கடினப் பவளத்தையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க. புலிக்கு இருக்கற அதே அட்டவணை. உசுரோட இருக்கறது மட்டுமில்ல, கரையில பொறுக்கின செத்த பவளத் துண்டு வெச்சிருந்தாலும் குத்தம், ஜெயில் உண்டு. மன்னார் வளைகுடாவுல சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்து, 21 தீவுல ரெண்டு தண்ணிக்குள்ளயே போயிடுச்சு, அதனால இந்தச் சட்டம் இவ்வளவு கடுமையா இருக்கறது எனக்கு முழுச் சம்மதம். "பத்து ரூபா கல்லுதானே"ன்னு யாராவது கொடுத்தாலும் வாங்காதீங்க.

சரி, கல்லு இல்லாமலும் புழு வரும். நத்தை வாங்கினா அதோட ஓட்டு மேல வரும். பாசிக்கட்டு வாங்கினா அதோட வேர்ல வரும். ஃப்ரெண்ட் கொடுத்த ஒரு டம்ளர் மணல்ல வரும். நம்ம ஊர்ல நெறைய பேர் நீலாங்கரை, கோவளம் பக்கம் படகுக்காரங்ககிட்ட சொல்லி கேன்ல கடல் தண்ணியே பிடிச்சுட்டு வருவாங்க, அதுலயும் வரும். பாலிகீட்னு சொல்ற, வளையம் வளையமா முடியோட இருக்கற கடல் புழுவோட குஞ்சு மயிர்க்கால் அளவுதான் இருக்கும், சுத்தி இருக்கற மெல்லிசு முடியை ஆட்டிக்கிட்டு தண்ணியில மிதந்துட்டே இருக்கும், துணியில வடிகட்டினா நிக்காது. (கடல் தண்ணி பிடிக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு: ஐப்பசி கார்த்திகை மழையில ஆத்துத் தண்ணி கலந்து கரையோர உப்பு நல்லா இறங்கிடும், அளந்து பார்க்காம ஊத்தாதீங்க.) அதுக்கு மேல, இந்த முடிப்புழுக்கள்ல சில இனம் உடம்பைத் துண்டு துண்டா உடைச்சே பெருகும். ஒரு துண்டுலேர்ந்து தலை வளரும், இன்னொண்ணுலேர்ந்து வால் வளரும். அதனால இடுக்கியால பிடிச்சு இழுத்து பாதி அறுந்து உள்ள போச்சுன்னா புழு ஒழிஞ்சதுன்னு அர்த்தமே இல்ல.

இப்போ அந்த இளஞ்சிவப்புப் புழுவுக்கே வர்றேன், போட்டோவுல பத்துக்கு எட்டு அதுதான். பிரிஸில் வார்ம்னு எல்லாரும் சொல்றது. அதைத் தெரிஞ்சுக்கணும்னா லைட் அணைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு, டார்ச்சுக்கு முன்னாடி சிவப்புக் கண்ணாடித்தாள் சுத்திக்கிட்டு உக்காருங்க, வெள்ளை வெளிச்சம் பட்டா ஓடி ஒளிஞ்சிடும், சிவப்புக்கு அவ்வளவா அசராது. ஒரு சின்ன தீனி உருண்டையை கல்லு பக்கத்துல போட்டுட்டுப் பொறுமையா பாருங்க. முதல்ல தலை மட்டும் வரும், வலது இடதுன்னு மோப்பம் பிடிக்கும். அப்புறம் உடம்பு, வளையம் வளையமா, ஒவ்வொரு வளையத்துக்கும் ரெண்டு பக்கமும் ஒரு கொத்து வெள்ளை முடி, அந்தக் கொத்தெல்லாம் முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் அலை அலையா அசையும். தீனிகிட்ட வந்ததும் வாய்க்குள்ளேர்ந்து தசை மாதிரி ஒண்ணு வெளிய பிதுங்கி உருண்டை மேல கவிஞ்சுக்கும். நத்தை ஏதாவது வந்து உரசிச்சுன்னா சட்டுனு எல்லா முடிக்கொத்தும் விரிஞ்சு புழு ரெண்டு மடங்கு அகலமாத் தெரியும். அப்படியே பின்னாடி நழுவி ஓட்டைக்குள்ள போயிடும். இவ்வளவும் ஒரு தடவை பார்த்துட்டா உங்களுக்கு அதைக் கொல்லணும்னு தோணாதுன்னு நான் நம்பறேன்.

இது என்ன வேலை செய்யுதுன்னா, நம்ம கை எட்டாத இடத்துல அழுகற எல்லாத்தையும் தின்னுது. கல்லுக்குப் பின்னாடி விழுந்த தீனி, செத்த நத்தை, செத்த மீன், அம்மோனியாவா மாறறதுக்கு முன்னாடி காலி. இதுலதான் பழியும் வருது. காலையில பார்த்தா மீன் செத்துக் கிடக்கும், மேல நாலு புழு மேஞ்சிட்டிருக்கும், இதுதான் கொன்னுடுச்சுன்னு முடிவு கட்டிடறாங்க. ராத்திரி நோயில செத்த மீனைத் தின்ன வந்ததுதான் அது. நம்ம கிழக்குக் கரையோரம் இறால் குஞ்சு பொரிக்கிற ஹேட்சரியில தாய் இறாலுக்குத் தீனியாப் போடறதே பாலிகீட் புழுவைத்தான், அவ்வளவு சத்து. மீனவங்க தூண்டில்ல மாட்டறதும் பாலிகீட் வகைதான். கடல்ல மணலைக் கிளறி மூச்சு விட வைக்கிற ஜீவன் அது, டேங்க்லயும் அதே வேலையைத்தான் பண்ணுது.

எண்ணிக்கை திடீர்னு கூடிச்சுன்னா புழுவைப் பார்க்காதீங்க, தீனி டப்பாவைப் பாருங்க. எவ்வளவு மிச்சம் விழுதோ அவ்வளவு புழுதான் பிழைக்கும். தீனியைப் பாதியாக் குறைச்சா தானா இறங்கிடும். ரொம்பப் பெருசா வளர்ந்தது ஒண்ணு ரெண்டை எடுக்கணும்னா ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில்ல ஓட்டை போட்டு உள்ள இறால் துண்டு வெச்சு ராத்திரி மணல்ல படுக்க வைங்க, காலையில உள்ள இருக்கும். கையால மட்டும் தொடாதீங்க. அந்த முடி சுண்ணாம்பால ஆன ஊசி, தோல்ல ஏறி உடைஞ்சு நின்னுடும், எரிச்சல் நாள் கணக்குல இருக்கும். பட்டுடுச்சுன்னா தேய்க்கக் கூடாது, செலோ டேப்பை மேல ஒட்டி ஒட்டி உரிச்சு எடுக்கணும், அதுக்கப்புறம் வினிகர் தடவலாம். வீக்கம் ஏறிக்கிட்டே போனா டாக்டர்கிட்ட போயிடுங்க.

இணையத்துல ஃபயர் வார்ம்னு தேடினா தாடி வெச்ச மாதிரி சிவப்பா ஒரு புழு படம் வரும், ஹெர்மோடிசே, பவளத்தையும் கடல் விசிறியையும் மேயும். அதைப் பார்த்துட்டுதான் பாதிப் பேர் பயப்படறாங்க. அது அட்லான்டிக், கரீபியன், மத்தியதரைக் கடல்ல வாழற ஜாதி. சென்னை டேங்க்ல வர்றதுக்கு வழியே இல்லாத மாதிரிதான். அதுக்கு ஒவ்வொரு முடிக்கொத்துக்குப் பக்கத்துலயும் கிளை கிளையா சிவப்புச் செவுள் தெளிவாத் தெரியும், தலை மேல மடிப்பு மடிப்பா ஒரு சதை இருக்கும். நம்மது அப்படி இருக்காது.

நிஜமாவே கவலைப்பட வேண்டியது யூனிசிட் குடும்பம். பார்க்க வேண்டிய இடம் தலை. நுனியில அஞ்சு உணர்கொம்பு நீட்டிக்கிட்டு இருந்தா, உடம்பு பக்கவாட்டுல திருப்பும்போது வானவில் கலர்ல மின்னிச்சுன்னா, வெள்ளை முடி பெருசா இல்லன்னா, அது யூனிசிட். நடத்தையும் வேற. மத்தது நழுவி வரும், இது ஓட்டைக்குள்ள காத்திருந்து பாய்ஞ்சு இழுத்துட்டுப் போகும், தாடை கத்திரி. இதுல ரொம்பப் பெரிய இனம் யூனிசே அஃப்ரோடிட்டோய்ஸ், ஜப்பான்ல ஷிரஹாமா பக்கம் 2009-ல ஒரு மீன்வளர்ப்பு மிதவைக்குள்ளேர்ந்து எடுத்தது 299 செ.மீ. இருந்துச்சு. அதே வருஷம் இங்கிலாந்து நியூக்வேல ஒரு பொது அக்வேரியத்துல ராத்திரி ராத்திரி பவளம் காணாமப் போய், மீன் காயப்பட்டு, கடைசியில கல்லையெல்லாம் ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்த்தா 4 அடிக்கு ஒண்ணு உக்காந்திருக்கு. இரையோட போட்ட தூண்டில் நரம்பையே கடிச்சுப் போட்டிருக்கு. நம்ம டேங்க்ல வர்ற யூனிசிட் எல்லாம் இந்த அளவு இல்ல, சின்னது நெறைய பாசியும் மிச்சமும் தின்னுட்டு இருந்துடும். ஆனா அஞ்சு கொம்பும் இருந்து, தடிமன் பென்சில் அளவுக்கு வந்தாச்சுன்னா, அது இருக்கற கல்லைத் தனி வாளிக்கு மாத்திடறதுதான் புத்திசாலித்தனம்.

மத்த ஜீவன்களைச் சுருக்கமா சொல்லிடறேன். கண்ணாடியில கடுகை விடச் சின்னதா வெள்ளைச் சுருள் ஒட்டிக்கிட்டு இருக்கா, ஸ்பைரோர்பிட், தண்ணியை வடிகட்டித் தின்னும், ஒரு கெடுதலும் இல்ல. கல்லு இடுக்குலேர்ந்து வெள்ளை நூல் நூலா நீண்டு மணல் மேல தடவுதா, ஸ்பகெட்டி வார்ம், அதோட உடம்பு உள்ள, வெளிய இருக்கறது விரல்தான், நல்லவர். கெட்டியான குழாய், வாயிலேர்ந்து சிலந்தி வலை மாதிரி சளி நூல் பறக்குதுன்னா அது புழு இல்ல, வெர்மெட்டிட் நத்தை, அந்த நூல் பக்கத்துல இருக்கறதை உரசித் தொல்லை பண்ணும், குழாய் வாயை சூப்பர் க்ளூவால அடைச்சிடுங்க. துருக்கலர்ல தட்டையா, வால் பக்கம் மூணு மடலோட கல்லு பூரா படர்ந்திருக்கா, ரெட் பிளனேரியான்னு சொல்வாங்க. ரொம்ப நாள் தட்டைப்புழு வகையில வெச்சிருந்தாங்க, இப்ப விஞ்ஞானிங்க தனித் தொகுதிக்கே மாத்திட்டாங்க. இதுக்கு மருந்து இருக்கு, ஆனா கூட்டமா சாகும்போது உடம்புலேர்ந்து விஷம் வெளிய வந்து மீனையும் கொண்டு போயிடும். அதனால முதல்ல மெல்லிசு ட்யூப் வெச்சு உறிஞ்சு உறிஞ்சு முடிஞ்ச வரைக்கும் எண்ணிக்கையைக் குறைச்சிட்டு, விஷத்தை உறிஞ்சற கார்பனும் (ஃபில்டர்ல போடற கரி) புதுத் தண்ணியும் ரெடியா வெச்சுக்கிட்டு அப்புறம்தான் மருந்து.

ஒரு விஷயம் சத்தமாவே சொல்லணும். புழுவைக் கொல்றேன்னு கல்லை எடுத்து அடுப்புல வெச்சுக் கொதிக்க விடாதீங்க. கல்லுல ஜோவாந்தஸ்னு பூ மாதிரி விரியற கடல் ஜீவன் ஒட்டியிருந்தா அதுல பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்க வாய்ப்பு உண்டு, உலகத்துல தெரிஞ்ச ரொம்பக் கொடிய விஷத்துல ஒண்ணு. கொதிச்ச ஆவியை மூச்சுல இழுத்து வீட்ல இருந்த எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவம் வெளிநாட்டுல ஒண்ணுக்கு மேல பதிவாகியிருக்கு. சமையலறை சின்னதா, ஜன்னல் சாத்தின ஃப்ளாட்ல நினைச்சுப் பாருங்க. கல்லு வேண்டாம்னா வெயில்ல காயப் போடுங்க, போதும்.

இப்போ பாசி. இதுலதான் நான் ரொம்ப நேரம் செலவு பண்ணியிருக்கேன், ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதுதான்.

புது டேங்க் ஓட ஆரம்பிச்சு சில வாரத்துல மணல் மேல பழுப்பா படியும். கடைக்காரர்கிட்ட கேட்டா "டயட்டம் சார், தானா போயிடும்"பார். முக்கால்வாசி சமயம் அவர் சொல்றது சரி. ஆனா பழுப்பா வர்றது மூணு: டயட்டம்னு ஒரு செல் பாசி, சயனோபாக்டீரியா (சுருக்கமா சயனோ), டைனோஃப்ளாஜலேட்னு இன்னொரு ஒரு செல் உயிர் (சுருக்கமா டைனோ). சயனோ சிவப்பாவும் கரும்பச்சையாவும் கூட வரும், ஆனா ஆரம்பத்துல பழுப்பாத்தான் கண்ணுல படும்.

டயட்டம் மாவு மாதிரி படியும், விரலால தடவினா புகையா எழும்பிப் போயிடும், நூல் வராது. அது தன் மேலோட்டை சிலிக்காவுல கட்டுது, அதனால தண்ணியில சிலிகேட் இருக்கற வரைக்கும் வரும், தீர்ந்ததும் போயிடும். வந்துட்டே இருக்குன்னா நீங்க ஊத்தற தண்ணியைச் சந்தேகப்படுங்க. நம்ம வீட்ல குடிக்கிற ஆர்.ஓ. மெஷின் பலதுல டி.டி.எஸ். கன்ட்ரோலர்னு ஒண்ணு இருக்கும், ருசிக்காக ஃபில்டர் பண்ணாத தண்ணியைக் கொஞ்சம் திரும்பக் கலந்து விடும். போர் தண்ணி ஏரியாவுல அந்தக் கலவையில என்னெல்லாம் இருக்கும்னு சொல்லவே வேண்டாம். டேங்க்குக்குத் தனியா ஆர்.ஓ. வெச்சு, கடைசியில மிச்ச உப்பையும் பிடிக்கிற டி.ஐ. ரெசின் போட்டு, டி.டி.எஸ். மீட்டர்ல 0 காட்டணும். இந்த ஒரு செலவை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

சயனோ பால் ஆடை மாதிரி ஒரே படலமா மேல படர்ந்திருக்கும், ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா அப்படியே உரிஞ்சு வரும், ஒரு வாடையும் அடிக்கும். தண்ணி ஓட்டம் கம்மியா இருக்கற மூலையிலதான் முதல்ல பிடிக்கும். இது பாசியே கிடையாது, பாக்டீரியா. சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பூமியோட காத்துல ஆக்சிஜன் சேர ஆரம்பிச்சதே இதோட முன்னோர்களாலதான், நாம மூச்சு விடறோம்னா இதுக்கு நன்றி சொல்லணும். அதனாலதான் பாசிக்கொல்லி ஊத்தி அது அசையலன்னு புலம்பறதுல அர்த்தமில்ல. ஆன்டிபயாடிக் போட்டா போகும், ஆனா கல்லுல வேலை செய்யற மத்த பாக்டீரியாவும் அடி வாங்கும். பவர்ஹெட்டை (டேங்க்குக்குள்ள தண்ணியைச் சுத்த வைக்கிற மோட்டார்) திருப்பி அந்த மூலைக்கு ஓட்டம் கொடுங்க, உறிஞ்சி எடுங்க, மணலைக் கிளறுங்க, ஆன்டிபயாடிக்கைக் கடைசிக்கு வைங்க.

மூணாவது, டைனோ. இதுதான் நெறைய பேரை இந்தப் பொழுதுபோக்கையே விட்டு ஓட வைக்குது. பழுப்புச் சளி, நூல் நூலா தொங்கும், ஒவ்வொரு நூல் நுனியிலயும் ஒரு காத்துக் குமிழி. காலையில சுத்தமா இருக்கும், மதியம் லைட் ஏற ஏற மூடிக்கும், ராத்திரி திரும்பக் காணாமப் போயிடும். நத்தைங்க காரணமே இல்லாம கவுந்து விழுந்து சாகும். இவ்வளவும் சேர்ந்து இருந்தா டைனோதான்னு பாதி முடிவுக்கு வந்துடலாம். மீதிப் பாதிக்கு வீட்லயே ஒரு சோதனை இருக்கு. அந்தச் சளியைக் கொஞ்சம் டேங்க் தண்ணியோட ஒரு சின்ன பாட்டில்ல எடுத்து, நல்லா குலுக்கிக் கலைச்சு, டிஷ்யூ பேப்பர்ல வடிகட்டி, கீழ இறங்கின தெளிஞ்ச தண்ணியை வெளிச்சத்துல வைங்க. ஒரு மணி நேரம் கழிச்சு அந்தத் தெளிஞ்ச தண்ணிக்குள்ளயே திரும்ப நூல் கட்டி நின்னா டைனோ. தனித்தனி செல்லா பேப்பர் வழியா இறங்கி, திரும்ப ஒண்ணை ஒண்ணு தேடிச் சேர்ந்திருக்கு. கண் முன்னாடி அது சேர்றதைப் பார்க்கிறது எனக்கு இன்னும் வியப்புதான்.

அதுக்கு மேல மைக்ராஸ்கோப் வேணும். விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மனு பிரகாஷ் குழு ஸ்டான்ஃபோர்ட்ல செஞ்சு 2014-ல வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப்னு காகித மைக்ராஸ்கோப் இருக்கே, 140 மடங்கு பெருக்கும், அசைவைப் பார்க்க அது போதும். ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க. தங்கப்பழுப்புல, கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒழுங்கான விளிம்போட, அசையாமலோ மெதுவா வழுக்கிக்கிட்டோ இருந்தா டயட்டம். நீள நூல், கணு கணுவா இருந்தா சயனோ. கண்ணீர்த்துளி வடிவத்துல, ஒரு முனையில கட்டிப் போட்ட மாதிரி நின்ன இடத்துலயே சுத்தினா ஆஸ்ட்ரியாப்சிஸ். முட்டை வடிவத்துல, மணல் துகளுக்கு நடுவுல நேரா ஊர்ந்து போனா ஆம்ஃபிடினியம். கடைசி ரெண்டும் டைனோதான், ஆனா அதுக்குள்ள வித்தியாசம் தெரிஞ்சாத்தான் காசு மிச்சம், ஏன்னா ஆஸ்ட்ரியாப்சிஸ் ராத்திரி தண்ணிக்குள்ள மிதக்கும், தண்ணியை உள்ள ஓட விட்டுக் கொல்ற நல்ல யூ.வி. லைட் வெச்சா பிடிபடும். ஆம்ஃபிடினியம் மணலை விட்டு வெளியவே வராது, எவ்வளவு விலைக்கு யூ.வி. வாங்கினாலும் அது பாட்டுக்கு இருக்கும்.

டைனோ வர்றது பெரும்பாலும் ரொம்பச் சுத்தமான டேங்க்ல. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0ன்னு டெஸ்ட் கிட் காட்டும், உரிமையாளர் பெருமையா இருப்பார். மத்த பாசியும் பாக்டீரியாவும் பட்டினி கிடந்து ஒதுங்கிடும், அந்த காலி இடத்துல இது உக்காந்துடும். காஞ்ச கல்லு மட்டுமே வெச்சு ஆரம்பிக்கிற நம்ம ஊர் டேங்க்ல இது அடிக்கடி வர்றதுக்கு அதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன், போட்டி போட வேற ஜீவனே உள்ள இல்ல. அதனால இதுக்கு வைத்தியம் தலைகீழ். தண்ணி மாத்தறதை நிறுத்தணும், தீனி கூட்டணும், நைட்ரேட்டை 5, 10 பி.பி.எம். (பத்து லட்சத்துல ஒரு பங்குங்கற அளவு) பக்கமும் பாஸ்பேட்டை 0.05, 0.1 பக்கமும் ஏத்தி அங்கயே பிடிச்சு வைக்கணும். டைனோ விடற விஷத்துக்கு கார்பன் ஓட விடணும். பாசின்னா தண்ணி மாத்து, தீனியைக் குறைன்னு எல்லாரும் சொல்ற வழக்கமான அறிவுரையை இங்க பின்பற்றினா நிலைமை வாரத்துக்கு வாரம் மோசமாகும், அப்படி மனசு உடைஞ்சு டேங்க்கை வித்தவங்களை எனக்குத் தெரியும். ரெட்ஃபீல்ட் விகிதம்னு நைட்ரஜன் 16-க்கு பாஸ்பரஸ் 1 கணக்குப் போட்டு ராத்திரி பகலா டெஸ்ட் பண்ணிட்டிருக்கறதும் வேண்டாம், அது பெருங்கடல் மிதவை உயிர்களோட சராசரி, உங்க வீட்டு ஹால்ல இருக்கற கண்ணாடித் தொட்டிக்கான இலக்கு இல்ல.

டைனோ ஏதோ வெளிநாட்டுச் சரக்குன்னு நினைக்காதீங்க. 2019 ஆகஸ்ட்ல பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரையில அலை நீலமா ஒளிர்ந்துச்சே, ஊரே செல்ஃபோனோட ஓடிச்சே, அது நாக்டிலூக்கா, இதே டைனோஃப்ளாஜலேட் கூட்டத்துல ஒண்ணு. அடுத்த மாசமே பாம்பன் பக்கம் மன்னார் வளைகுடாவுல கடல் பச்சையா மாறி மீன் செத்து ஒதுங்குச்சு, அதுவும் நாக்டிலூக்கா பெருகினதாலதான். கூட்டம் பெருகி அழுகும்போது தண்ணியில ஆக்சிஜன் இறங்கிடும். டேங்க்லயும் ராத்திரி அதேதான் நடக்கும், அதனால டைனோ இருக்கற காலத்துல ஏர் பம்ப் ஒண்ணு சேர்த்து ஓட்டுங்க, இன்வெர்ட்டர்ல கனெக்ஷன் இருக்கான்னும் பார்த்துக்குங்க.

பச்சையில ரெண்டு மூணு வார்த்தை போதும். தனித்தனி முடியா, கிளை இல்லாம, கையால பிடுங்கினா வந்துடுச்சுன்னா சாதா ஹேர் ஆல்கே, நத்தையும் பொறுமையும் போதும். ஒரு இழையைத் தண்ணியில விரிச்சுப் பார்த்து, நடுத்தண்டுலேர்ந்து ரெண்டு பக்கமும் இறகு மாதிரி கிளை போனா பிரையாப்சிஸ், அதை நத்தை தொடாது. மனுஷங்களுக்குப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கிற ஃப்ளூகோனசோல் அதை அடக்கும்னு உலகம் பூரா வளர்ப்பவங்க அனுபவம், ஆனா மத்த பாசிக்கெல்லாம் அதைப் போட்டுப் பார்க்காதீங்க. பச்சைக் கண்ணாடி முத்து மாதிரி பளபளன்னு இருக்கறது வலோனியா, அந்த முழு முத்தும் ஒரே ஒரு செல், கையில பிடிச்சுப் பார்க்கிற அளவுக்கு ஒரு செல். கல்லை வெளிய எடுத்து, உடையாம அடியோட நெம்பி எடுங்க. ரோஸ், ஊதா கலர்ல கல்லு மேல பெயின்ட் அடிச்ச மாதிரி கெட்டியாப் படியறது கோரலைன், அது வந்தா டேங்க் நல்லா இருக்குன்னு அர்த்தம், சுரண்டாதீங்க.

கடைசியா காலெர்ப்பா. ஓடுதண்டு விட்டு மணல் மேல படரும், அதுலேர்ந்து இறகாவோ திராட்சைக் கொத்தாவோ நிமிர்ந்து நிக்கும். ரொம்ப அழகு. நைட்ரேட்டை நல்லா உறிஞ்சும், அதனால சம்ப்ல (டேங்க்குக்குக் கீழ வைக்கிற ஃபில்டர் தொட்டி) வேணும்னே வளர்க்கிறவங்க உண்டு. எவ்வளவு நீளம் ஓடினாலும் அது முழுக்க ஒரே செல்தான், ஆயிரக்கணக்கான உட்கருவோட. நகம் அளவு துண்டு கிடைச்சாலும் திரும்ப முளைக்கும். இந்த குணம் கடல்ல என்ன பண்ணும்னு ஒரு தடவை உலகம் பார்த்துடுச்சு. அக்வேரியத்துல வளர்த்த காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா 1984-ல மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழ கடல்ல ஒரு சதுர மீட்டர் அளவுக்கு இருந்துச்சு, பதினஞ்சு வருஷத்துக்குள்ள மத்தியதரைக் கடல் அடியில ஆயிரக்கணக்கான ஹெக்டேர். அதே பாசி 2000-ல கலிபோர்னியாவுல கார்ல்ஸ்பாட் பக்கம் ஒரு காயல்ல தெரிஞ்சதும் அவங்க அசராம தார்ப்பாய் போட்டு மூடி, உள்ள குளோரின் விட்டு, 2006-ல முழுசா ஒழிச்சாங்க. கோடிக்கணக்குல செலவு, இன்னிக்கும் அங்க அதை வளர்க்கத் தடை.

நம்ம கடலும் இதைப் பார்த்திருக்கு. வளர்ப்புக்காகக் கொண்டு வந்த கப்பாஃபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவுல குருசடைத் தீவுல பவளம் மேல ஏறி மூடியிருக்கறதா 2008-ல கரன்ட் சயின்ஸ் இதழ்ல மதுரை ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. அது வளர்ப்புக்கு வந்த பாசி, நம்மகிட்ட இருக்கறது அழகுக்கு வந்தது, கடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால டேங்க்லேர்ந்து பிடுங்கின எந்தப் பாசியையும், எந்தப் புழுவையும், பாவம் உசுரோட இருக்கேன்னு பெசன்ட் நகர்ல கொண்டு போய் விடாதீங்க, வாஷ்பேசின்லயும் மழைநீர்க் கால்வாய்லயும் ஊத்தாதீங்க, அதெல்லாம் கடைசியில கூவத்துலயோ அடையாத்துலயோ போய் முகத்துவாரத்தைத் தொடும். பாசியை மொட்டை மாடியில பழைய பேப்பர் மேல பரப்பி மொறுமொறுன்னு காயற வரைக்கும் வைங்க, அப்புறம் மூட்டை கட்டி குப்பையில போடுங்க. மாத்தின தண்ணியில துண்டு துணுக்கு மிதக்கும்னு சந்தேகமா இருந்தா வாளியிலயே ப்ளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் மூடி வெச்சுட்டு டாய்லெட்ல ஊத்துங்க. வளர்க்க ஆசைப்பட்டு யாராவது காலெர்ப்பா துண்டு கேட்டா, இதையும் சேர்த்துச் சொல்லிட்டுக் கொடுங்க.